பற்றிஸ் ஓரத்தில் ஒரு கட்டைவிரல்

லண்டன் குட்மேய்ஸில் எங்கள் பக்கத்து வீட்டுப் பாலாம்பிகை அக்கா பொய் சொல்கிறார் என்று எனக்குச் சந்தேகம் வந்தது. சந்தேகம் சரிதான், அவர் பொய்தான் சொன்னார். ஆனால் நான் நினைத்த பொய் வேறு, அவர் சொன்ன பொய் வேறு.

சந்தேகப்படுவது என் வேலை. காப்பீட்டு நிறுவனம் ஒன்றில், இழப்பீடு கேட்டு வருகிறவர்களின் விண்ணப்பங்களைப் படித்து எது இடிக்கிறது என்று பார்ப்பேன். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு போனவர் அதே வாரம் பனிச்சறுக்கு விளையாடியிருப்பார். திருட்டுப்போன நெக்லஸ் தங்கையின் கல்யாண ஃபோட்டோவில் மின்னும். வீட்டிலிருந்தபடியே இதைச் செய்து செய்து, கடையில் வெண்டைக்காய் வாங்கினால்கூடக் கடைக்காரர் சொல்வதில் எது இடிக்கிறது என்று பார்க்கிற ஆளாகிவிட்டேன். மதுரையில் இருக்கும் என் அம்மா இதை வேலை என்றே ஒப்புக்கொள்வதில்லை. வம்புக்கு எவனோ சம்பளம் கொடுக்கிறான் என்பார்.

அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவர். முதலில் அலுவலகங்களைத் துப்புரவு செய்தார். பிறகு இல்ஃபோர்டில் ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் பல வருஷம் வேலை பார்த்தார். முடக்குவாதம் விரல்களில் தொடங்கி, மணிக்கட்டு, முழங்கால் என்று ஒவ்வொன்றாகப் பிடித்ததும் வேலையை விட்டார். ஒரே மகள் கல்யாணமாகிக் கனடாவுக்குப் போய்விட்டாள். கணவர் பரமேஸ்வரன் பெட்ரோல் ஸ்டேஷனில் வேலை பார்த்தவர். மனைவியைக் கவனிக்க அவரும் வேலையை விட்டார். இயலாமைக்காக அக்காவுக்கு அரசாங்கத்திலிருந்து வந்துகொண்டிருந்த பெனிபிட் பணத்தால்தான் அவர் வீட்டில் இருக்க முடிந்தது.

அக்கா எங்கள் வட்டாரத்தில் பிரபலம். காரணம் அவர் வீட்டுப் பற்றிஸ். யாழ்ப்பாணத்துப் பற்றிஸ் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், அது நம்மூர் சோமாசியின் ஒன்றுவிட்ட தங்கை. அதே அரைநிலா வடிவம், உள்ளே தேங்காய்ப் பூரணத்துக்குப் பதிலாக உறைப்பான உருளைக்கிழங்கும், வெங்காயத்தாள் போன்ற லீக்ஸும். ஓரத்தை விரலால் மடித்து மடித்து முறுக்கியிருப்பார்கள். பிறந்தநாள், சாமத்திய வீடு என்கிற மஞ்சள் நீராட்டு, கோயில் திருவிழா, எதுவானாலும் மாவும் கிழங்கும் வாங்கி அவர்கள் வீட்டு வாசலில் வைத்துவிட்டால் போதும், சொன்ன நாளில் தட்டு நிறையப் பற்றிஸ் வரும். காசு வாங்க மாட்டார்கள். "பாலாம்பிகை அக்கான்ர கைப்பக்குவம்" என்று ஆளுக்கொன்றாக எடுத்துக் கடிப்பார்கள். பக்கத்தில் தட்டை ஏந்திக்கொண்டு பரமேஸ்வரன் அண்ணன் நிற்பார்.

போன வருஷம் பெனிபிட்டை மறுபரிசீலனை செய்ய வீட்டுக்கு ஒரு பெண் வந்தாள். அதோடு பெனிபிட் நின்றது. அண்ணன் செவ்வாயும் வெள்ளியும் மட்டும் பெட்ரோல் ஸ்டேஷனுக்குப் போகத் தொடங்கினார். அப்பீல் போட்டார்கள். விசாரணைக்கு நாள் குறித்துக் கடிதம் வந்ததும் அண்ணன் தோட்டத்து வேலிக்கு மேலாக என்னைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, நீங்கள் இப்பிடியான கடுதாசியள் வாசிக்கிற ஆள்தானே. இவவை ஒருக்கா ரெடியாக்கி விடுங்கோ. ஜட்ஜ் கேக்கிற மாதிரிக் கேளுங்கோ."

"தோத்துட்டா என்ன பண்ணுவீங்கண்ணா?"

"கிழமையில ஆறு நாள் ஷிப்ட். காலமை போனால் இரவுதான் வருவன். மனேஜர் எனக்கெண்டு இடம் வைச்சுக்கொண்டு நிக்கிறார்." அவர் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "இவ தனிய என்ன செய்வா எண்டு எனக்குத் தெரியேல்லை."

பெனிபிட்டை நிறுத்தியதற்கான காரணத்தைப் படித்தேன். வந்த பெண்ணுக்கு அக்கா சிற்றுண்டி கொடுத்திருக்கிறார். அந்தப் பெண் விரும்பிச் சாப்பிட்டு, நீங்களே செய்ததா என்று கேட்டிருக்கிறாள். ஆமாம் என்றிருக்கிறார் அக்கா. மாவு பிசைந்து, நறுக்கி, நுணுக்கமாக ஓரம் மடித்துப் பொரிக்கிறவருக்குச் சமையலில் உதவி தேவையில்லை, விரல்கள் நன்றாக வேலை செய்கின்றன என்று எழுதிவிட்டாள்.

இதில் எனக்கு எதுவுமே இடிக்கவில்லை என்பதுதான் சங்கடம். நானும்தானே அந்தப் பற்றிஸை வருஷக்கணக்கில் தின்றிருக்கிறேன்? என் மேஜைக்கு இது வந்திருந்தால் நானும் நிராகரித்திருப்பேன். அக்காவைப் பற்றி என் மனதில் கொஞ்சம் கசப்பு வந்தது. ஆனாலும் சரி என்று ஒப்புக்கொண்டேன். உதவி செய்யும் ஆசையைவிட என்னதான் நடக்கிறது என்று பார்க்கும் ஆசைதான் பெரிதாக இருந்தது.

செவ்வாய், வெள்ளி மதியச் சாப்பாட்டு வேளையில் வரச் சொன்னார் அண்ணன். அவர் வேலைக்குப் போகிற நாட்கள் அவை, அக்காவுக்குத் துணையாகவும் இருக்குமாம். பின்கதவைத் தாழிடாமல் விட்டுவிட்டுப் போவார். முதல் வெள்ளிக்கிழமை நான் உள்ளே போனபோது சமையலறை மேஜை முன்னால் அக்கா உட்கார்ந்திருந்தார். தலை படிய வாரிப் பின்னியிருந்தது, நெற்றியில் திருநீறு. மேஜையில் பிளாஸ்க்கில் டீயும், எனக்காக ஒரு தட்டில் பற்றிஸும்.

"வாரும் பிள்ளை. இரும். தேத்தண்ணியை நீரே ஊத்திக் குடியும்."

"உங்களுக்கும் ஊத்தட்டுமாக்கா?"

"வேண்டாம். இண்டைக்கு வெள்ளியெல்லே, விரதம்."

ஒரு பற்றிஸை எடுத்துக்கொண்டு ஜட்ஜ் ஆனேன். உருளைக்கிழங்கு தோல் சீவ முடியுமா என்று கேட்டேன்.

"சமாளிப்பன்."

"சட்டைக்குப் பட்டன் போட?"

"அது பரவாயில்லை."

"குழாய் திருக?"

"ஓம், ஏலும்."

"தலை யார் வாரி விடறாங்க?"

"நானேதான்," என்றார். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

பேச்சுக்கிடையில் என் பேனாவை அவரிடம் நீட்டி, இந்தத் தாளில் கையெழுத்துப் போடுங்கள் என்றேன். அது என் தொழில் தந்திரம். அப்போதுதான் அந்தக் கைகளை முதல் தடவையாகச் சரியாகப் பார்த்தேன். விரல்கள் எல்லாம் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்திருந்தன. மணிக்கட்டு வீங்கியிருந்தது. கட்டைவிரல் உள்ளே மடங்கி, நிமிர மறுத்தது. பேனா உருண்டு தரையில் விழுந்தது. வேறு யாரோ போட்டுவிட்டது போல அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் மேஜைக்கு வருகிறவர்கள் சுளுக்குக்கே கரண்டி தூக்க முடியவில்லை என்று எழுதுவார்கள். கிடைப்பதற்காகச் சொல்லும் பொய் எனக்கு அத்துப்படி. இந்த அம்மாள் முடியாததை முடியும் என்று, அதுவும் தோற்பதற்காகவே பொய் சொல்கிறார். எதற்காக? இப்படி ஒரு கேஸை நான் பார்த்ததே இல்லை. அன்று மதியம் முழுக்க என் வேலை ஓடவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமையும் போனேன், அடுத்த வெள்ளியும் போனேன். பதில்கள் மாறவில்லை. ஓம், ஏலும், சமாளிப்பன். விரதமும் மாறவில்லை. நான் எவ்வளவு நேரம் இருந்தாலும் அவர் ஒரு வாய் தண்ணீர் குடித்து நான் பார்க்கவில்லை, நாற்காலியை விட்டு எழுந்தும் பார்க்கவில்லை. நல்ல பக்திதான் என்று எண்ணிக்கொண்டேன்.

அதைவிடப் பெரிய தலைவலி மொழிபெயர்ப்பாளர். அக்காவின் ஆங்கிலம் நலம் விசாரிப்போடு சரி. எப்படி இருக்கிறீர்கள் என்றால் நலம், கஷ்டமா என்றால் பரவாயில்லை, நன்றி. அந்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு விசாரணைக்குப் போவது தற்கொலை. தமிழ் மொழிபெயர்ப்பாளர் இலவசமாகக் கிடைப்பார், கேட்டு வாங்கலாம் என்றேன்.

"வேண்டவே வேண்டாம்."

"ஏன்க்கா?"

"லண்டனில தமிழ் கதைக்கிற ஆக்கள் எல்லாரும் ஆருக்கோ சொந்தம். இண்டைக்கு அங்க கதைச்சால் நாளைக்கு ஈஸ்ட்ஹாம் முழுக்கத் தெரியும். வெள்ளைக்காரருக்கு முன்னால எது வேணுமெண்டாலும் சொல்லலாம் பிள்ளை. ஒரு தமிழ் ஆளுக்கு முன்னால ஏலாது."

எது வேண்டுமானாலும் என்றால் எது? அதைக் கேட்டால் சிரித்து மழுப்பினார். நானும் பற்றிஸை மென்றபடி சும்மா இருந்தேன். சும்மா இருக்கும்போதுதான் கண் வேலை செய்யும். கையிலிருந்த பற்றிஸின் முறுக்கிய ஓரத்தை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். ஒவ்வொரு மடிப்பிலும் கட்டைவிரல் அழுத்திய பள்ளம் அச்சாகப் பதிந்து வெந்திருந்தது. என் கட்டைவிரலை அதில் வைத்துப் பார்த்தேன், பள்ளத்தில் இடம் மிச்சமிருந்தது. அகலமான, நிமிர்ந்த, பலமுள்ள விரல். அக்காவின் மடங்கிய கட்டைவிரலைப் பார்த்தேன். நான் என்ன பார்க்கிறேன் என்பதை அக்காவும் பார்த்துவிட்டார். சட்டென்று கைகளை மேஜைக்குக் கீழே இறக்கிக்கொண்டார்.

மறுநாள் சனிக்கிழமை. காலித் தட்டைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் தோட்டத்து வழியாகப் போய், வேண்டுமென்றே கதவைத் தட்டாமல் திறந்தேன்.

அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. பரமேஸ்வரன் அண்ணன் இடுப்பில் பூப்போட்ட ஏப்ரனோடு, மேஜையில் வட்ட வட்டமாக மாவைப் பரப்பி வைத்து, பற்றிஸ் ஓரத்தைக் கட்டைவிரலால் மடித்து முறுக்கிக்கொண்டிருந்தார். ஒரு வரிசை முடிந்து தட்டில் அடுக்கியாகிவிட்டது. எதிரே நாற்காலியில் அக்கா.

"ஐயோ," என்று முகத்தை மூடிக்கொண்டார் அக்கா. "பிள்ளை, கும்பிட்டுக் கேக்கிறன். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும்."

அண்ணன் முகத்தில் வெட்கத்தைத் தேடினேன், காணவில்லை. கையிலிருந்த பற்றிஸை என் பக்கமாக நீட்டி, "ஓரம் வடிவா வந்திருக்கோ தங்கச்சி?" என்றார்.

பிறகு அக்கா எல்லாவற்றையும் சொன்னார். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்த காலம் வரை அந்தக் கைப்பக்குவம் அவருடையதாகத்தான் இருந்தது. விரல்கள் மடங்கத் தொடங்கிய வருஷம், ஒரு கல்யாணத்துக்குச் செய்து தருவதாகச் சொன்ன பற்றிஸை முடிக்க முடியாமல் அழுதபோது, அண்ணன் கையைக் கழுவிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார். அன்றிலிருந்து அவர்தான். சமையல், துணி துவைத்தல், அக்காவைக் குளிப்பாட்டுவது, உடுத்திவிடுவது, தலை வாரிப் பின்னுவது, எல்லாம்.

"இதிலென்னக்கா இருக்கு? பெருமையா சொல்ல வேண்டிய விஷயம்தானே?"

"உமக்கு எங்கட ஆக்களைத் தெரியாது. இவற்ர அண்ணை சவுத்தாலில இருக்கிறார். அவையின்ர வீட்டுக் கொண்டாட்டத்தில, மனிசிக்கு இடியப்பம் அவிச்சுக் குடுக்கிறாராம் எண்டு ஒரு மனுசனைச் சுத்தி நிண்டு பகிடி பண்ணிச் சிரிச்சவை. அந்தாள் பிறகு ஒரு விசேஷத்துக்கும் வாறேல்லை. நான் கண்ணால பாத்தனான். என்ர மனுசனை அப்பிடி ஒருத்தரும் சிரிக்க விடமாட்டன்."

அதனால்தான் யார் கேட்டாலும் நானே செய்தேன் என்று சொல்லிவந்தார் அக்கா. அந்த அலுவலகத்துப் பெண் கேட்டபோதும், பழக்க தோஷத்தில் ஓம் என்றுவிட்டார். சமைப்பதை மறைத்தால் தலை வாருவதையும் மறைக்க வேண்டும், ஒன்றைச் சொன்னால் மற்றது தானாக வந்துவிடும். என் கசப்பெல்லாம் வெட்கமாக மாறியது. அதோடு கோபமும் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம்.

"அக்கா, இதை அங்க சொல்லலைன்னா தோத்துடுவீங்க. தமிழ்ல சொன்னாத்தான் முழுசாச் சொல்ல முடியும்."

அடுப்பை அணைத்துவிட்டு அண்ணன்தான் பேசினார்.

"தமிழ் ஆளைக் கூப்பிடுங்கோ தங்கச்சி. ஆர் வந்தாலும் வரட்டும்." பிறகு என்னிடம் மட்டும் சொல்வது போலக் குரலைத் தாழ்த்தினார். "பாவம், இந்த அப்பீல் வெல்லோணும் எண்டு செவ்வாயும் வெள்ளியும் பச்சைத் தண்ணியும் குடியாமல் விரதம் பிடிக்கிறா. அம்மாளாச்சிக்கு நேர்த்தி. அவ அவ்வளவு செய்யேக்க நான் இதைச் செய்யமாட்டனோ?"

அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

விசாரணையும் ஒரு செவ்வாய்க்கிழமையில்தான் வந்து விழுந்தது. அண்ணன் லீவு எடுத்தார், நானும் எடுத்தேன். டாக்சியில் போனோம். அக்கா நீலச் சேலை கட்டியிருந்தார், கொசுவம் வரிசையாக நின்றது. அதுவும் யார் கைவேலை என்று இப்போது எனக்குத் தெரியும்.

காத்திருக்கும் அறையில் மொழிபெயர்ப்பாளர் வந்து வணக்கம் சொன்னார். பெயர் குமுதினி. ஐம்பது வயதிருக்கும், சாம்பல் நிறக் கோட்டு, கையில் சின்னப் பை. பேச்சு யாழ்ப்பாணத்துப் பேச்சு. அக்காவால் அடக்க முடியவில்லை.

"நீங்கள் ஊரில எவடம்?"

குமுதினி சிரித்தார். "அக்கா, குறை நினைக்கவேண்டாம். அது கதைக்க எனக்கு அனுமதி இல்லை. இண்டைக்கு நான் உங்கட வாய் மட்டும்தான். உள்ளுக்க கேக்கிறது என்னோட வெளியில வராது."

ஊர் பெயரைச் சொல்ல மறுத்த தமிழ் ஆளை அக்கா தன் ஆயுளில் சந்தித்ததில்லை. இது நல்லதா கெட்டதா என்று புரியாமல் என் கையைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பணியாள் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டதற்கு, விரதம் என்று தலையாட்டினார்.

உள்ளே நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் ஜட்ஜ், கண்ணாடி போட்ட பெண்மணி. ஒரு பக்கம் வயதான டாக்டர். இன்னொரு பக்கம் சக்கர நாற்காலியில் ஓர் உறுப்பினர். பெனிபிட் அலுவலகத்தின் சார்பில் யாரும் வரவில்லை, அந்த நாற்காலி காலியாக இருந்தது. நான் கற்பனை செய்திருந்த கடுகடுப்பு எதுவும் இல்லை. ஜட்ஜ் நிதானமாகத் தொடங்கினார், நேராக விஷயத்துக்கு வந்தார். வந்தவருக்கு நீங்கள் கொடுத்த அந்தச் சிற்றுண்டியைச் செய்தது யார்?

குமுதினி அதைத் தமிழில் கேட்டார். அக்கா மடியில் கிடந்த கைகளைப் பார்த்தார். குமுதினியைப் பார்த்தார். அக்கா நான்தான் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன்.

"இவர்," என்றார் அக்கா, காதில் விழாத குரலில்.

யார் என்று ஜட்ஜ் கேட்டு முடிப்பதற்குள் அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். அவரை யாரும் எழச் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் தொடங்கினார், இரண்டு வாக்கியத்தில் அது போதாமல் தமிழுக்கு மாறினார். மாவைக் குளிர்ந்த தண்ணீரில் குழைக்க வேண்டும், இல்லாவிட்டால் இழுபடும். லீக்ஸை வதக்கும் முன் துணியில் போட்டுப் பிழிய வேண்டும், பிழியாவிட்டால் உள்ளே ஈரம் ஊறி ஓரம் வெடிக்கும். குமுதினி மூச்சு விடாமல் ஆங்கிலமாக்கிக்கொண்டு போனார். ஓரம் முறுக்கும் இடத்தில் அவருக்கே வார்த்தை கிடைக்கவில்லை. அண்ணன் காற்றில் ஒரு பற்றிஸைப் பிடித்துக் கட்டைவிரலால் மடித்துக் காட்டினார்.

போதும், நன்றி, நன்றாகப் புரிகிறது என்றார் ஜட்ஜ்.

"இன்னும் முடியேல்லை," என்றார் அண்ணன். "எல்லாரும் என்ர கையில இருக்கிற தட்டத்தில எடுத்துச் சாப்பிட்டிட்டு, இவவைப் பாத்து நல்லாயிருக்கு எண்டு சொல்லுவினம். இவ்வளவு வருஷம் நான் பக்கத்திலதான் நிண்டனான். ஒருத்தர், ஒருத்தர் எண்டாலும் என்னைப் பாத்துச் சொல்லேல்லை."

டாக்டர் சிரித்துவிட்டார். ஜட்ஜும் உதட்டைக் கடித்துக்கொண்டு தாளைப் பார்த்தார். சிரிக்காத ஒரே ஆள் அக்கா. அவர் கணவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். யார் மானத்தைக் காப்பாற்ற இத்தனை நாளாக வாயைக் கட்டி வைத்திருந்தாரோ, அந்த மனுஷன் ஒரு பாராட்டுக்காக ஏங்கிக்கொண்டு நின்றிருக்கிறார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

அதற்குப் பிறகு விஷயங்கள் சுலபமாக ஓடின. யார் உடுத்திவிடுவது, யார் குளிப்பாட்டுவது, யார் தலை வாருவது என்ற எல்லாக் கேள்விக்கும் அக்கா, "இவர்தான்," என்றார். ஒவ்வொரு தடவையும் குரல் கொஞ்சம் பெரிதானது. கடைசியில் டாக்டர் கேட்டார், செவ்வாயும் வெள்ளியும் இவர் வேலைக்குப் போய்விட்டால் மதியம் எப்படிச் சாப்பிடுகிறீர்கள், குடிக்க என்ன செய்கிறீர்கள் என்று.

அண்ணன் முந்திக்கொண்டார். "அந்த ரெண்டு நாளும் இவ ஒண்டும் எடுக்கிறேல்லை. விரதம். இந்தக் கேசுக்காகத்தான்." அவர் குரலில் பெருமை இருந்தது. குமுதினி மொழிபெயர்க்க, டாக்டர் தலையாட்டிவிட்டு எழுதப் போனார்.

"இல்லை," என்றார் அக்கா.

எல்லோரும் அவரைப் பார்த்தோம்.

"அது விரதமில்லை."

குமுதினி அதை ஆங்கிலத்தில் சொன்னார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"தண்ணி குடிச்சால் பாத்ரூமுக்குப் போகோணும். போய் இருந்தால் எழும்ப ஏலாது, சீலையோ சட்டையோ ஒண்டையும் இழுத்துவிட ஏலாது. கவுன்சிலால வந்து கம்பி பூட்டித் தந்தவைதான். அதைப் பிடிக்கக் கை வேணுமே." அக்கா கணவர் பக்கம் திரும்பவில்லை, மேஜையையே பார்த்துச் சொன்னார். "இவர் வேலைக்குப் போன முதல் செவ்வாய்க்கிழமை காலமை போய் இருந்தனான். இவர் இரவு வாற வரைக்கும் அங்கதான் இருந்தன். கூப்பிட ஆருமில்லை. இவர் வந்து என்னப்பா எண்டு கேக்க, இப்பதான் வந்தனான் எண்டு சொன்னன். அதுக்குப் பிறகு அந்த ரெண்டு நாளும் நான் ஒண்டும் குடிக்கிறேல்லை. செவ்வாய் வெள்ளிதானே, விரதம் எண்டால் ஒருத்தரும் ஏனெண்டு கேக்க மாட்டினம்."

குமுதினி ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினார். மொழிபெயர்ப்பாளர்கள் 'அவர்' என்று சொல்லாமல் 'நான்' என்றே சொல்ல வேண்டுமாம். அங்கேதான் இருந்தேன், கூப்பிட யாருமில்லை என்று அவர் வாயிலிருந்தும் வந்தது. பாதியில் நிறுத்தினார், மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தொடர்ந்தார். நானும் எல்லாவற்றையும் இரண்டு தடவை கேட்டேன். எது இடிக்கிறது என்று தேடித் திரிகிறவள், அக்கா வீட்டு மேஜைக்கு எதிரே எத்தனை மதியம் டீ குடித்தபடி உட்கார்ந்திருந்தேன். எனக்கு அது தெரியவில்லை.

அண்ணன் ஆறு நாள் வேலைக்குப் போனால் என்ன ஆகும் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை.

எங்களை வெளியே காத்திருக்கச் சொன்னார்கள். முடிவை வைத்துக்கொண்டு இழுத்தடிக்க எனக்குப் பிடிக்காது, ஆகவே இங்கேயே சொல்லிவிடுகிறேன். அப்பீல் வென்றது. பெனிபிட் திரும்ப வந்தது, அண்ணன் அந்த இரண்டு நாள் வேலையையும் விட்டுவிட்டார். ஆனால் எங்களுக்கு அது தெரிவதற்கு முன், காத்திருக்கும் அறையில் நடந்ததைத்தான் நான் சொல்ல வேண்டும்.

அண்ணன் அக்காவை உட்கார வைத்தார். சுவரோரமாக இருந்த தண்ணீர்க் குழாய்க்குப் போய், காகிதக் கோப்பை நிறையப் பிடித்துக்கொண்டு வந்தார். அக்காவின் முன்னால் முழங்காலில் உட்கார்ந்து கோப்பையை அவர் வாயருகே கொண்டுபோனார். சேலையில் கொஞ்சம் சிந்தியது.

"குடியும்."

"என்னப்பா இது, ஆக்கள் பாக்கினம்." அறையின் மறுபக்கம் கோட்டை மாட்டிக்கொண்டிருந்த குமுதினியை அக்காவின் கண் தேடியது. "பிறகு பாத்ரூமுக்கு..."

"நான் நிக்கிறன்தானே. குடியும்."

அக்கா குடித்தார். கோப்பை காலியானதும் அண்ணன் எழுந்து போய் இன்னொன்று பிடித்துக்கொண்டு வந்தார். அதையும் குடிக்கத் தொடங்கினார் அக்கா, கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாக.

கதவு திறந்தது. முடிவு தயார், உள்ளே வரலாம் என்றார் பணியாள். நான் பதறி எழுந்தேன். பரமேஸ்வரன் அண்ணன் எழவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கோ தங்கச்சி," என்றார். "இவ குடிச்சு முடிக்கட்டும்."